குளிர்காலத்தில் தெருப்பூனைகளின் எடை: குண்டானவற்றுக்குத் தீனியைக் குறைக்கலாமா?

கேள்வி: டொரோண்டோவில் வீட்டுப் பின்புறம் ஐந்து தெருப்பூனைகளுக்குத் தீனி வைக்கிறேன். எல்லாமே கருத்தடை ஆனவை, எதுவும் தொடவிடாது. நவம்பர் பிறந்ததும் இரண்டு உருண்டு திரண்டுவிட்டன, ஒன்று மட்டும் தேறவே இல்லை. தீனியைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்:

மார்ச் முடியும்வரை எதற்கும் குறைக்காதீர்கள்.

முதலில், அந்த இரண்டும் உண்மையிலேயே குண்டுதானா என்று பாருங்கள். பகல் பொழுது குறையக் குறையப் பூனைக்கு அடிமயிர் அடர்ந்து வளரும். குளிருக்கு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வேறு உட்காரும். அதனால் உட்கார்ந்த நிலையில் பார்த்து எடையைச் சொல்லவே முடியாது. தட்டில் குனிந்து தின்னும்போது மேலேயிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சமாவது ஒடுங்கினால் கவலையில்லை. அவ்வளவு மயிரையும் மீறி முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தால், அந்தப் பூனை நீங்கள் நினைப்பதைவிட மெலிந்திருக்கிறது.

தொடவிடாத பூனையையும் எடை போடலாம். பார்சல் எடை பார்க்கும் தட்டையான மின்னணுத் தராசின்மேல் ஒரு பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, தூரத்து ஓரத்தில் கிண்ணம். நான்கு காலும் பலகைமேல் இருந்தால்தான் எட்டும்படி வையுங்கள். எண் தெரியும் பக்கம் பழைய கைபேசியை வைத்துப் பதிவு செய்யலாம். பலகைக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். தராசை இரவில் வெளியே விடாதீர்கள். கடுங்குளிரில் பேட்டரி இறங்கும், திரையும் மங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 4 கிலோ பூனை 200 கிராம் இறங்கினால் கவனிக்க வேண்டும். 400 கிராம் இறங்கினால் கூண்டு வைத்துப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இப்போது தீனி. பூனை தன் உடல்சூட்டுக்கென்று தனியாகச் சக்தி செலவழிக்காமல் இருக்க, சுற்றுப்புறம் 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். டொரோண்டோவின் ஜனவரியில் அது ஒவ்வொரு நிமிடமும் எரித்துக்கொண்டேதான் இருக்கும். கருத்தடை ஆன 4 கிலோ வீட்டுப்பூனைக்கு நாளைக்கு ஏறத்தாழ 240 கிலோகலோரி போதும். வெளியே இருப்பதற்கு 300 முதல் 350 என்று தொடங்கி, தராசைப் பார்த்துத் தேவைப்பட்டால் கூட்டுங்கள். உலர்தீனி பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி தரும். சரியான எண் பையிலேயே இருக்கும். ஆக, தலைக்கு 80 முதல் 90 கிராம், ஐந்துக்குமாக 400 முதல் 450 கிராம்.

குட்டிகளுக்கான தீனியில் கொழுப்பும் சக்தியும் கூடுதல். அக்டோபரிலேயே பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கலாம், ஆனால் ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வந்து, தின்றது அத்தனையும் வீணாகிவிடும். நம் வீட்டு வழக்கப்படி பால்சோறும் மீன்குழம்புச் சோறும் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பில்லாமல் அவித்த கோழி கொஞ்சம் கொடுக்கலாம்.

டின் உணவு மைனஸ் 10 டிகிரியில் சீக்கிரமே கல்லாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் குழைத்து, நீங்கள் நிற்கும்போதே தின்று முடிக்கும் அளவு மட்டும் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். தண்ணீர் உறைந்தால் பூனை உலர்தீனியையும் குறைத்துக்கொள்ளும். பனியைத் தின்றால் அதை உருக்கவே உடல்சூடு செலவாகும். வெளிப்புறத்துக்கென்று விற்கும் மின்சாரச் சூட்டுக் கிண்ணம் நல்லது. அது முடியாவிட்டால், ஆழமான தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் பதித்து, காலையும் மாலையும் வெந்நீர் கலந்து நிரப்புங்கள். உலோகக் கிண்ணம் கூடாது, உறைகுளிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தேறாத அந்த ஒன்றைப் பற்றி. அதற்குத் தீனி போதவில்லை என்பதைவிட, அது தட்டை நெருங்க முடிவதில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஐந்து பூனைக்கு ஆறு கிண்ணம் வையுங்கள், இரண்டு மீட்டர் இடைவெளியில். ஒன்றிரண்டை மற்றவற்றின் கண்ணில் படாதபடி மூலைக்கு அப்பால் வையுங்கள். தினமும் ஒரே நேரம், வெளிச்சம் இருக்கும்போதே. அரைமணி கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் ரக்கூன் வந்துவிடும்.

அதன்பிறகு நன்றாகத் தின்றும் மெலிந்தால் நோய்தான். ஆவலோடு வந்து, ஒரு வாய் கடித்துவிட்டுத் தலையை உதறினாலோ எச்சில் வடித்தாலோ பல்லும் ஈறும் கெட்டிருக்கும். முதுகு ஒட்டி வயிறு மட்டும் உப்பினால் புழுவோ வயிற்றில் நீரோ இருக்கலாம். வயதான பூனை அசுரப்பசியோடு தின்றும் இளைத்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். புழுமருந்தைக் கண்ணளவில் கலந்து வைக்காதீர்கள், அளவு எடையைப் பொறுத்தது.

குண்டான இரண்டுக்கு ஏன் இப்போது குறைக்கக் கூடாது? பொதுத் தட்டில் குறைத்தால் அடிபடுவது மெலிந்த பூனைதான். மேலும், கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் போனாலே உடல் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கூடுதல் சதையோடு குளிருக்குள் போவது நல்லதே. ஆனால் முதுகை நக்க எட்டாத அளவுக்குப் பருத்தால் மயிர் சடைபிடித்து நனைந்து, குளிரைத் தடுக்காது. அதற்கு ஏப்ரலில் சாதாரணத் தீனிக்கு மாறி, பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். 6 கிலோ பூனை வாரம் 60 கிராமுக்கு மேல் இளைக்க வேண்டாம்.

படுக்கை ஈரமானால் எத்தனை கலோரி போட்டும் பயனில்லை. உள்ளே தெர்மோகோல் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி, 15 சென்டிமீட்டர் வாசல், தரையிலிருந்து சற்று உயரம், காற்று வீசும் திசைக்கு மறுபுறமாக, காற்று உள்ளே புகாதபடி வாசல். உள்ளே வைக்கோல் மட்டும். கால்நடைக்குப் போடும் உலர்புல்லும் போர்வையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெட்டி இரண்டு மூன்று பூனை நெருங்கிப் படுக்கும் அளவுதான் இருக்க வேண்டும். பெரிதானால் உடல்சூட்டில் சூடேறாது.

மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால், வெறும் கூண்டை முன்னதாகவே எடை போட்டு வையுங்கள். கழித்துப் பார்த்தால் பூனையின் துல்லிய எடை கிடைத்துவிடும். குளிரில் கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். விழுந்ததும் துணியால் மூடி உள்ளே எடுங்கள். மயக்கமருந்து கொடுத்திருந்தால் அன்றிரவே வெளியே விடக்கூடாது. உடல் தன் சூட்டைக் காக்கும் நிலைக்குத் திரும்பி, பூனை நன்றாகத் தின்னத் தொடங்கியபிறகு, பகலில், குளிர் சற்றுத் தணிந்த நாளாகப் பார்த்து விடுங்கள்.