சனிக்கிழமை பிடித்த தண்ணீரைத் திங்கட்கிழமை சோதிக்கலாமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டில் ஆழ்துளைக் கிணறு உள்ளது. எந்தச் சுத்திகரிப்புக் கருவி வாங்குவது என்று முடிவு செய்வதற்காக, சனிக்கிழமை மாலை ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அலமாரியில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை திருநெல்வேலியில் உள்ள ஆய்வகத்தில் உப்புச் சோதனைக்கு மட்டும் அதை வாங்கிக்கொண்டு, கிருமிச் சோதனைக்கு மறுத்துவிட்டார்கள். இது முறையா?

பதில்: முறைதான், உங்கள் பணம் வீணாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிருமிகள் உயிருள்ளவை என்பதால், நம் ஊர் வெக்கையில் அலமாரியில் இருந்த பாட்டிலுக்குள் அவை பெருகியிருக்கலாம், மடிந்தும் இருக்கலாம். எப்படியானாலும் வரும் எண்ணிக்கை உங்கள் கிணற்றுடையதாக இராது. குடிநீரில் கிருமிச் சோதனையை, மாதிரியைக் குளிர்ச்சியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். 6 மணி நேரத்துக்குள் என்றால் மிகவும் நல்லது. உறைய வைத்துவிடக் கூடாது.

ஃபுளோரைடு பிளாஸ்டிக் பாட்டிலில் 28 நாள் வரை தாங்கும். நைட்ரேட்டுக்குக் குளிர்ச்சியில் 48 மணி நேரமே கெடு. இரும்பு காற்றுப் பட்டதும் செந்நிறமாகப் படிந்துவிடுமாதலால், அதற்கென அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். ஆகவே, ஒரே தண்ணீரானாலும் ஒவ்வொரு சோதனைக்கும் கெடு வேறு.

மறுபடி எடுக்கும்போது, கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, வேலை நாளின் காலையில் மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் கிணற்றிலிருந்து நேரே வரும் குழாயில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டி வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

கருவி வாங்குவதிலும் அவசரம் வேண்டாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமியோ 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அளவுக்குள் இருந்து கிருமி மட்டுமே சிக்கல் என்றால், தண்ணீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றும் ஆர்.ஓ. கருவி தேவையில்லை என்பதே என் கருத்து. புற ஊதாக் கருவியோ, நன்கு கொதிக்க வைப்பதோ போதும்.

மாதிரி எடுத்த நாளும் மணியும் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று ஆய்வகத்தில் மறவாமல் கேளுங்கள்.