குழாய்த் தண்ணீரும் ஏழாம் மாத வாந்தியும்

ஆர்.ஓ., டி.டி.எஸ்., செம்புக்குடம், பிளாஸ்டிக் கேன், குளோரின் வாடை, முடி உதிர்வு, சிறுநீரகக் கல் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எங்கள் பிளாக்கில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. மனைவிக்கு ஏழாம் மாதம். நான்கு நாளாக வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார் அத்தை."

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்று உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பியாயிற்று. இங்கே எழுதுவது அதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து.

மசக்கை பெரும்பாலும் நாலு, ஐந்து மாதத்தோடு அடங்கிவிடும். அடங்கிப்போன வாந்தி ஏழாம் மாதத்தில் புதிதாகத் தொடங்கினால் அதற்கு மசக்கை என்று பெயர் வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் காமாலை இருந்தால் சுத்தமாகக் கூடாது. உங்கள் அத்தை ஐந்து பிள்ளை பெற்றவராகவே இருக்கட்டும்; கல்லீரல் பாதித்திருக்கிறதா என்பது அனுபவத்தில் தெரிகிற விஷயமில்லை, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

நான் அஞ்சுவது ஹெபடைட்டிஸ் ஈ. அசுத்தத் தண்ணீரில் வருகிற காமாலைகளில் ஏ, ஈ என்று இரண்டு வைரஸ்கள் முக்கியம். இரண்டுமே மலத்தில் வெளியேறி, குடிநீரில் கலந்து, வாய் வழியாக உள்ளே போகின்றன. ஹெபடைட்டிஸ் ஈ வந்த சாதாரண ஆள் ஒரு மாதம் போல படுத்து எழுந்துவிடுவார். கர்ப்பிணியின் கதை வேறு. கடைசி மூன்று மாதத்தில் இது தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைப்பிரசவம், குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவை இதற்கு மேல். உங்கள் பகுதியில் பரவுவது ஏ-யாகவும் இருக்கலாம். அதைப் பரிசோதனை சொல்லட்டும். யூகித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

காமாலை என்றாலே கண்ணைத்தான் பார்க்கிறார்கள். கண் மஞ்சளாவதற்கு முன்பே சிறுநீர் நிறம் மாறிவிடும். பால் ஊற்றாத டீ டிகாஷன் மாதிரி, தண்ணீர் நிறையக் குடித்தும் வெளுக்காமல் போகும். அதோடு வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே பாரம், லேசான காய்ச்சல். கர்ப்பிணிக்கு இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கடைவீதி லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் எதிர்பார்த்துக் கிடக்க வேண்டாம். வழக்கமான கல்லீரல் பரிசோதனைகளான பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்தால் போதாது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். பரிசோதனை கட்டாயம் வேண்டும். கல்லீரல் தாக்குப்பிடிக்கிறதா இல்லையா என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ரத்த அழுத்தம், பிளேட்லெட், சிறுநீரில் புரதம் எல்லாமும் பார்ப்பார்கள். கர்ப்பத்தாலேயே கல்லீரலைத் தாக்கும் நோய்களும் இந்த மாதங்களில் உண்டு, அவற்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், பல் ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் பரிசோதனைக்குக் காத்திருக்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். நடுவில் ஒரு சின்ன கிளினிக்கில் இறங்கி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்க இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ரத்தச் சர்க்கரை சரிவதையும், ரத்தப்போக்கையும், மூளை மந்தமாவதையும் உடனுக்குடன் கவனித்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால்தான் நேரத்துக்கு இத்தனை மதிப்பு.

அடுத்து கீழாநெல்லி. ஆளாளுக்கு ஒரு ஊர் பெயர் சொல்லியிருப்பார்கள், அங்கே மூன்று நாள் மருந்து குடித்தால் காமாலை இறங்கிவிடும் என்று. இறங்கும். குடிக்காவிட்டாலும் இறங்கும். ஏ-யும் ஈ-யும் பெரும்பாலானவர்களுக்குத் தானாக வடிகிற நோய்கள்; பெயர் மட்டும் மருந்து கொடுத்தவருக்கு. தானாக வடியாத அந்தச் சிலரில் கர்ப்பிணிகள்தான் முன்வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு அந்த மூன்று நாள்தான் விலை. கையில் சூடு போடுவதைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. உப்பில்லாத, எண்ணெயில்லாத பத்தியமும் அதே ரகம்தான். வாந்தியால் துவண்ட பெண்ணுக்கு வெறும் இட்லியும் இளநீரும் கொடுத்துப் பட்டினி போடாதீர்கள். இறங்குகிற எதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் லிவர் டானிக் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரைகூட மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும்.

தண்ணீருக்கு வருவோம். மூன்று பேருக்குக் காமாலை என்று தெரிந்த மறுநாளே புது ஆர்.ஓ. வாங்கிவிட்டதாகவும், "இனி பயமில்லைதானே" என்றும் கேட்கிறீர்கள். ஹெபடைட்டிஸ் ஈ உடலுக்குள் போய் அறிகுறி காட்ட இரண்டு முதல் பத்து வாரம் ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு வாரம். கீழ் வீட்டுக்காரருக்கு இன்று கண் மஞ்சள் என்றால் தண்ணீர் கெட்டது போன மாதம் வாக்கில். அதே தண்ணீரைத்தான் உங்கள் வீடும் குடித்திருக்கிறது. நேற்று வாங்கிய இயந்திரம் போன மாதத் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. இப்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் இன்னும் பத்து வாரத்துக்கு உங்கள் கண் மனைவி மேலேயே இருக்கட்டும். ஏ-க்கும் பி-க்கும் போடுகிற தடுப்பூசிகள் ஈ-யைத் தடுக்காது.

உங்கள் தெருவில் என்ன நடந்திருக்கும் என்பதை ஓரளவு சொல்ல முடியும். இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் ஓடினால் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் கசியுமே தவிர அழுக்கு உள்ளே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் சில மணி நேரம் மட்டும் விட்டால், மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். அதை ஒட்டியே கழிவுநீர்க் குழாய் போகும். இரண்டிலும் விரிசல் இருந்தால் மண்ணில் ஊறிய சாக்கடை உள்ளே இறங்கும். பத்தாததற்கு மெயின் பைப்பிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற பழக்கம் வேறு. சட்டப்படி அது தவறு என்பது இருக்கட்டும், அந்த மோட்டார் தண்ணீரோடு சேர்த்து அக்கம்பக்கத்துச் சாக்கடையையும்தான் உறிஞ்சுகிறது. முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வரும், திறந்துவிட்டுப் பிறகு பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கலங்கல் போய்விடும். வைரஸுக்கு நிறமும் வாடையும் கிடையாது.

சுத்திகரிப்பு நிலையத்திலேயே கோட்டை விட்ட கதையும் உண்டு. 1955 டிசம்பரில் டில்லியில் தொடங்கிய காமாலை சுமார் 29,000 பேரைப் படுக்கவைத்தது. யமுனையில் வெள்ளம் வடிந்தபின் நஜஃப்கர் கழிவு ஓடையின் தண்ணீர், குடிநீர் எடுக்கும் வசீராபாத் பக்கம் திரும்பிவிட்டது. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டித்தான் போட்டார்கள். டைபாய்டும் சீதபேதியும் ஏறவில்லை, காமாலை ஏறியது. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பித்தது. உங்கள் அடுக்ககச் சங்கம் கையில் வைத்திருக்கும் "பாக்டீரியா இல்லை" என்ற லேப் ரிப்போர்ட்டை இந்தக் கணக்கோடு படியுங்கள். டில்லியில் வந்தது ஏ என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைப் பிற்பாடு சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. 1983-இல் மிகயில் பலயான் என்ற சோவியத் ஆராய்ச்சியாளர், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட படைவீரர்களின் மல மாதிரியைத் தானே குடித்து, நோய் வரவைத்துக்கொண்டு, தன் மலத்திலேயே ஹெபடைட்டிஸ் ஈ வைரஸை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். (சுயமருத்துவக்காரர்கள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இன்னும் அண்மையில், 2015-16 குளிர்காலத்தில் சிம்லாவில் இதே நோய் பரவியதற்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து குடிநீர் ஓடையில் கலந்த கழிவே காரணம்.

உங்கள் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை மட்டும்தான் அளக்கும். 780 காட்டுகிறது என்று பதறுகிறீர்கள். 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம். 780 என்பது ருசிக் குறைவு, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, அவ்வளவுதான். அதே மீட்டர் 60 காட்டுகிற தண்ணீரில் ஒரு ஊருக்கே காமாலை வரவைக்கிற அளவு வைரஸ் இருக்கலாம், முள் அசையாது.

நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய சோதனை வேறு. மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் உங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விடுவார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது. எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின், பக்கத்தில் இருக்கும் வண்ணத் தட்டில் வைத்து ஒப்பிடுவார். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால், போட்ட குளோரினை வழியில் ஏதோ அழுக்கு தின்றுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த "ஸ்விம்மிங் பூல் வாடை" எனக்கு நல்ல செய்தி. அது திடீரென்று நின்றுபோனால்தான் கவலைப்படுவேன். குளோரினால் புற்றுநோய் என்று வந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். மூன்று காமாலை ஒரே கட்டடத்தில் என்று சொல்லுங்கள். "தண்ணீர் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். சங்கத்தைக் கூட்டி சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி தரைமட்டத்தில் இருந்து, கார் கழுவுகிற தண்ணீர் அதன் மேல் ஓடுகிறதா, பக்கத்தில் கழிவுநீர் சேம்பர் இருக்கிறதா, மழைக்கு அது நிரம்பி வழிந்ததா என்று பாருங்கள். காலிசெய்து, தேய்த்துக் கழுவி, நிரப்பியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். புது பாக்கெட்டாக இருக்கட்டும். வருடக்கணக்கில் வாய் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் இருக்காது.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். சூடாக்குவதைச் சொல்லவில்லை, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, கை படாமல் சாய்த்து எடுங்கள். ஆர்.ஓ. நீரானாலும் மனைவிக்கு இந்தச் சில மாதம் கொதிக்கவைத்தே கொடுங்கள்; மெம்பரேன் என்கிற வடிகட்டும் சவ்வு நன்றாக இருந்தாலும் அதற்குக் கீழே இருக்கும் தொட்டியையும் குழாய் முனையையும் யாரும் கழுவுவதில்லை. பல் தேய்க்க, பச்சைக் காய் கழுவ, சட்னி அரைக்க எல்லாமே இந்தத் தண்ணீர்தான். குளிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. கழிவறைக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும்.

மற்றவை சீக்கிரமாக. உப்புத் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்பதை விட்டுத்தள்ளுங்கள். கல்லுக்குப் பெரிய காரணம் தண்ணீர் குறைவாகக் குடிப்பது. ஆர்.ஓ. சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிடுகிறதே என்றால் பாலும் கேழ்வரகும் இருக்கின்றன. செம்புக்குடம் அழகாக இருக்கும், வைரஸுக்கு அதை நம்ப முடியாது. கேன் தண்ணீரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சீலும் பாருங்கள், கேனைத் தலைகீழாக வைக்குமுன் வாயைத் துடையுங்கள்.

வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை சரியாக இருந்து, வாந்தியும் நின்றிருந்தால் தாராளமாக. ஆனால் பத்து வாரக் கணக்கு அவரோடு கூடவே போகிறது. இங்கே காமாலை இருந்ததை அங்கே பார்க்கும் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள், ரிப்போர்ட் நகலைப் பெட்டியில் வையுங்கள், ராத்திரி நேரத்தில் அந்த ஊரில் இருந்து மெடிக்கல் காலேஜ் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று மாமனாரிடம் கேட்டுவையுங்கள். வளைகாப்பு அன்று நீர்மோர், பானகம், அதில் போடுகிற ஐஸ் மூன்றும் எந்தத் தண்ணீர் என்று நீங்களே சமையல்காரரிடம் கேளுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆர்.ஓ. ஆள் சொன்ன மினரல் கார்ட்ரிட்ஜ் வேண்டாம். அந்தப் பணம் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கல்லீரல் பரிசோதனை செய்ய ஆகும்.