ஏ.சி.யை அணைத்துவிட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல்கலைக்கழக வீடியோ மையம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்ததாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் விஸ்காம் முடித்தவள். ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்பது கல்லூரியிலிருந்தே ஆசை. எட்டு மாதமாக ஒரு பல்கலைக்கழக ஊடக மையத்தில் ஒப்பந்த வேலை. இதுவரை நூற்றுக்கும் மேல் பாட வீடியோ, இரண்டு கருத்தரங்கு, ஒரு பட்டமளிப்பு விழா, துணைவேந்தர் மரக்கன்று நட்டது மூன்று தடவை. ஆவணப்படம் பூஜ்யம். பேராசிரியர் வந்து உட்கார்ந்து பவர்பாயின்ட்டைப் படிப்பார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கூடப் படித்தவர்கள் சினிமாவில் உதவி இயக்குநர்களாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இங்கே வயசுதான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

துணைவேந்தர்கள் மாறினாலும் மரக்கன்று மாறவில்லை போலிருக்கிறது. நான் ஒரே குழியில் அடுத்தடுத்த இரண்டு வருடம் நட்டதைப் படம்பிடித்திருக்கிறேன்.

வேலையை விடலாமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் சம்பளமும் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியாது. ஆனால் ‘ஆவணப்படம் பூஜ்யம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூடியோ ஏன் வந்தது என்பது அங்கே வேலை பார்ப்பவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். சைட் என்று பெயர். அப்போது அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் யஷ்பால். 1983இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஏறி நம்முடைய இன்சாட்-1பி செயற்கைக்கோள் போனது. கைவசம் ஒரு செயற்கைக்கோள் வந்ததும், பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெருநகரக் கல்லூரிக்குக் கிடைக்கிற ஆசிரியர் சிற்றூர்க் கல்லூரிக்கும் கிடைக்கட்டும் என்பது எண்ணம். அதே யஷ்பால் 1986இல் மானியக் குழுவின் தலைவராகவும் வந்தார். ஆரம்பத்தில் வெளிநாட்டுப் படங்களையும் வாங்கிப் போட்டார்கள். அப்புறம் நாமே எடுப்போம் என்று பல்கலைக்கழகங்களுக்குள் மையங்கள் முளைத்தன. 1993இல் அவற்றை ஒருங்கிணைக்க, மேலே சி.இ.சி. (கன்சார்டியம் ஃபார் எஜுகேஷனல் கம்யூனிகேஷன்) என்ற அமைப்பு வந்தது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்காக என்று சொல்லிவிட்டு அவனுக்கு எட்டாத மொழியில் பேசியது எனக்கு அப்போதே உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது.

பாட வீடியோக்களைத் தின்கிற இந்த வயிறு இன்றைக்கு இன்னும் பெரிது. 2017 ஜூலையில் மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சித் திட்டமான ஸ்வயம் பிரபா 32 சேனல்களோடு ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் தினம் 4 மணி நேரம் புதுப் பாடம், அதையே இன்னும் ஐந்து முறை போட்டு 24 மணி நேரத்தை நிரப்புவது என்று திட்டம். பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 128 மணி நேரம். உங்கள் நூறு வீடியோ எங்கே போகிறது என்று புரியும்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம்.

நான் சேர்ந்தது 1992இல். என் முதல் வேலை, ‘டேக்’ என்றதும் ஏ.சி.யை அணைப்பது. ஏ.சி. ஓடினால் அந்த உறுமல் காலர் மைக்கில் ஏறும். அணைத்தால் விளக்குகளின் சூட்டில் பத்து நிமிடத்தில் பேராசிரியரின் நெற்றி மின்னும். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். அதற்குள் வெளியே ஒரு குயில் கூவும், இல்லாவிட்டால் தோட்டக்காரர் மோட்டாரைப் போடுவார். அரை மணி நேரப் பாடத்துக்கு ஒரு முழு நாள். பின்னணியில் பச்சைத் திரை கட்டி எடுத்தால், படத்தில் பச்சையாக இருப்பதையெல்லாம் மறைத்து வேறு காட்சியை வைக்கலாம். ஒருமுறை அந்தத் திரையை விரித்துவிட்டுக் காத்திருந்தால், பாடம் எடுக்கவேண்டிய அம்மையார் அதே பச்சையில் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு வந்தார். டி.வி.யில் வருகிறோம் என்று ஆசையாக எடுத்துக் கட்டியது. யார் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் மேக்கப் போடுகிற அக்கா போய், “மேடம், இதுல எடுத்தா உங்க தலை மட்டும்தான் தெரியும்” என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குத் திரையைச் சுருட்டிவிட்டு நூலகத்தில் வைத்து எடுத்தோம். மற்ற பாடங்களைவிட அது நன்றாகவே வந்தது.

நான் சொல்லவந்தது ஒரு தாவரவியல் பேராசிரியரைப் பற்றி. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பேசவேண்டியதை எழுத்தாக ஓட்டிக் காட்டுகிற டெலிபிராம்ப்டர் முன்னால் உட்கார்ந்தால் கல்லாகிவிடுவார். கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்படியே படத்தில் தெரியும். நான்கு டேக் போனது. தேநீர் இடைவேளையில் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் கீழே கிடந்த இலைக்கொத்து ஒன்றை எடுத்தார். காம்பைக் கட்டைவிரலால் நிமிண்டிக்கொண்டே, “இது ஒரு இலையா, பல இலையா, சொல்லு பார்ப்போம்” என்று என்னைக் கேட்டார். பல என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று கொத்தைத் திருப்பி, அது கிளையில் ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார். மொட்டு அங்கே மட்டும்தான் வரும், நீ இலை என்று எண்ணுகிற ஒவ்வொன்றின் அடியிலும் வராது, ஆகவே முழுக்கொத்தும் சேர்ந்தே ஓர் இலை. உள்ளே கால் மணி நேரமாகத் திணறிய மனிதர் இதை அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார். எங்கள் கேமராமேன் டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் தேடுகிற ஆவணப்படம் அந்த அரை நிமிடம்தான், க. எந்த இடத்தில் ஒரு மனிதர் நம்மை மறந்துவிட்டுத் தன் விஷயத்துக்குள் போகிறார் என்று கண்டுபிடிப்பது. ஹெட்போனோடு நூறு பேரைக் கேட்டவருக்கு, பேச்சில் மூச்சு மாறுகிற இடம் காதிலேயே தெரிந்துவிடும். உதவி இயக்குநராக ஓடுகிற உங்கள் நண்பர்களுக்கு இந்தப் பயிற்சி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பவர்பாயின்ட்டைப் படிக்கிற பேராசிரியரிடம், “சார், லேப்லயே எடுக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் முடியாது என்பார்கள். மூன்று பேர் போதும்.

இனி அலுவலக விஷயம். ஜீப்புக்கு இன்டென்ட், பேட்டரி வாங்க மூன்று கொட்டேஷன், போய்வந்த பிறகு முன்பணத்துக்குக் கணக்கு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். ஆனால் டேப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

ஓர் ஏரியைப் பற்றி ஒரு படம் எடுக்க அனுமதி கிடைத்தது. அந்த ஊர் நீர்க்கட்டிதான் மையம். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்பவர். அறுவடையில் நெல்லாகக் கூலி. அப்போது எங்களிடம் இருந்தது யூமாட்டிக் என்கிற பழைய வீடியோ கேசட் முறை. கேமரா ஒருவர் தோளில், ரெக்கார்டர் இன்னொருவர் தோளில், நடுவே ஒரு கேபிள். வரப்பில் ஒருவர் வழுக்கினால் இருவரும் விழவேண்டியதுதான். அந்த ரெக்கார்டரில் போடுகிற சின்னக் கேசட் 20 நிமிடம் ஓடும். ஆறு நாள் எடுத்தோம். நீர்க்கட்டி மதகுக் கல்லின் மேல் நின்று அடைப்புக் கம்பை மெல்ல உயர்த்துவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். சத்தத்தை வைத்தே, போதும் என்றோ இன்னும் வேண்டும் என்றோ சொல்வார். அளவுகோல் கிடையாது.

படத்தை 28 நிமிடத்துக்கு வெட்டினோம். ஆலோசகராக இருந்தவர் முழுக்க வாய்ஸ் ஓவர் வேண்டும் என்றார். நீர்க்கட்டி கேட்கிற சத்தத்தின் மேலேயே பாசனப் பரப்பும் புள்ளிவிவரமும் ஏறி உட்கார்ந்தன. எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. மூல டேப்புகள் இருக்கின்றனவே, பிற்பாடு வேறு மாதிரி வெட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

யூமாட்டிக் கேசட்டின் அடியில் ஒரு சிறு சிவப்புப் பொத்தான் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் அதில் மறுபடி பதிவாகாது. பிடுங்கவேண்டியவன் நான். ‘எடிட் முடியட்டும்’ என்று விட்டிருந்தேன். லேபிளிலும் தேதி மட்டும்தான் எழுதியிருந்தேன், ஏரி என்றோ மதகு என்றோ ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குப் புது டேப் இல்லை. கொட்டேஷன் ஃபைல் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் வெறும் தேதியோடு கிடந்ததை எடுத்துப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன். கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஃபோல்டருக்குத் தேதியோடு ஊர், ஆள், என்ன செய்கிறார் என்று பெயர் வையுங்கள். எங்கே எடுத்தாலும் எல்லாரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாக எடுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம், உங்கள் மையத்தில் எங்காவது பூட்டிய அலமாரி ஒன்று இருக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டுகள் உள்ளே கிடக்கும். ஓட்டிப் பார்க்க டெக் இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. எதையும் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். முதலில் லேபிள்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆவணப்படத்துக்கு அனுமதி வரும்வரை செய்ய அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

என்னுடைய அந்த டேப்பைச் சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் டிஜிட்டலாக்கித் தந்தார். பட்டமளிப்பு விழா பதினேழு நிமிடத்தில் முடிகிறது. ஒரு நொடி படம் கிழிந்து ஆடுகிறது. அதன் பிறகு ஏரி. மூன்று நிமிடம் மிஞ்சியிருக்கிறது. நீர்க்கட்டி கம்பைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நிற்கிறார். அவர் கேட்டதை நானும் கேட்டுவிடலாம் என்று ஹெட்போன் போட்டு மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் சத்தம் சரியாக விழவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்று நான் கேமராமேனிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன், “டைட்டா போங்க, இன்னும் டைட்டா போங்க” என்று.