கொட்டகையில் ஒரு பழைய ஸ்விஃப்ட்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வண்டியைப் பற்றியவை. 2005-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட். 1298 சிசி, 16 வால்வ் பெட்ரோல் இன்ஜின், 87 குதிரைத்திறன். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடைக்கு இந்தச் சக்தி இன்றைக்கும் குறைச்சல் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது, வீட்டிலேயே பிரித்து மாட்டலாம் என்பதால் டெல்டா இளைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மற்ற வண்டிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பாபநாசம் வாசகர்: 2007 மாடல், 1,40,000 கி.மீ. ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. ஆயிலும் குடிக்கிறது. இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து நேரே போர் பண்ணிவிடலாமா சார்?

பொறுங்கள். காலையில் மட்டும் புகைத்துவிட்டு ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடுகிறதா, ஓடும்போதும் தொடர்கிறதா? முதலாவது என்றால் வால்வ் சீல் காய்ந்திருக்கிறது. இரவு முழுக்க ஹெட்டில் (சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் பகுதி) தேங்கிய ஆயில் சிலிண்டருக்குள் சொட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும் போதெல்லாம் புகைத்தால்தான் பிஸ்டன் ரிங் மீது சந்தேகப்பட வேண்டும்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் காயில் கனெக்டர்களையும் பிடுங்கிவிடுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு வினாடி செல்ஃப் அடிக்கட்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி சிலிண்டர் குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும். சதுர செ.மீ.க்கு 14 கிலோ அளவில் காட்டினால் நலம். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கோளாறு.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வ் உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்தால் ஹெட் கேஸ்கெட் நடுவில் போயிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வகை என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். செலவில் அது பெரிய வித்தியாசம்.

இன்ஜின் நன்றாகவே இருந்தாலும் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். முந்தைய ஓனர் சொன்னது, ஓடோமீட்டர் சொல்வது எதையும் இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

கும்பகோணம் வாசகர்: ஹெட்டை லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன். “அரை மில்லி கூடுதலாகச் சீவிவிட்டால் பவர் ஏறும்” என்கிறார் லேத்காரர். செய்யலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. அரை மில்லி சீவினால் அதிகபட்சம் 2.15 சிசி குறையும். விகிதம் 9-லிருந்து 9.4 ஆகும். ஏட்டுக் கணக்கில்கூட அதனால் கிடைப்பது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். 87-இல் ஒரு குதிரை! அதற்கு விலையாக சாதாரண பெட்ரோலில் வெயில் நேரத்தில் நாக்கிங் (இன்ஜின் தட்டும் சத்தம்) வரலாம். ஹெட் கீழே இறங்குவதால் கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். அடுத்த முறை ஹெட் வளைந்தால் சீவ உலோகமும் இருக்காது.

ஸ்டீல் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் சீவவே தேவையில்லை. நுழைந்தால் சமமாகும் அளவுக்கு மட்டும். அந்தக் காசை வால்வ் சீட் கட்டிங்குக்கும் புது வால்வ் சீலுக்கும் கொடுங்கள். வண்டி இழுப்பது அதில் தெரியும்.

மாட்டும்போது பலரும் கோட்டை விடுவது போல்ட் துளையில். பிளாக்கில் இருக்கும் துளைகளில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் போல்ட் இறுகியிருக்காது. கம்ப்ரஸர் காற்றால் ஊதி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பல சுற்றில் இறுக்குங்கள். ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். கடலோர ஒன்றியங்களில் அது உப்பு. அலுமினிய ஹெட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். கலந்து விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள்.

மன்னார்குடி வாசகர்: மாட்டுக் கொட்டகையைக் காலி செய்து பட்டறையாக்கியிருக்கிறேன். மண் தரை. ஜாக் ஸ்டாண்ட் வைத்தால் போதுமா?

போதாது. நம் களிமண் காய்ந்தால் கல், ஈரம் பட்டால் களி. பக்கத்து வயலில் தண்ணீர் கட்டினால் கொட்டகைத் தரை உள்ளிருந்தே இளகும். மேலே பார்த்தால் தெரியாது. காலையில் நேராக நின்ற ஸ்டாண்ட் மாலையில் ஒரு காலைப் புதைத்துச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டு அங்குல கனமான, இரண்டடிக்கு இரண்டடி பலகை போடுங்கள். கடப்பைக் கல் வேண்டாம், ஓரிடத்தில் பாரம் விழுந்தால் சொல்லாமல் பிளக்கும். முடிந்தால் வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டுமாவது நான்கு அங்குல கான்கிரீட் போட்டுவிடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போடுவது நல்ல வழக்கம்.

மயிலாடுதுறை வாசகர்: பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பெடல் மெதுவாக உள்ளே போகிறது. முன்பு நன்றாக இருந்தது. எங்கே தவறு?

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தீர்களா? பழைய மாஸ்டர் சிலிண்டரில் அன்றாடம் பிஸ்டன் ஓடும் பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் கசடும். பெடல் தரையைத் தொட்டபோது ரப்பர் சீல் அந்தக் கரட்டில் உரசிக் கிழிந்திருக்கும். வெளியே கசிவே இல்லாமல் பெடல் இறங்குவது இதற்கு அடையாளம். இனி மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதுதான் வழி. அடுத்த முறை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பாதி தூரம் மட்டும் மிதியுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கிவிடலாம். நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்த டப்பாவில் மீந்ததை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: 15 அங்குல அலாய், 195/55 டயர், கூடவே ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்த ஆசை.

அலாய் போடலாம். டயர் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி தந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் 620 மி.மீ. நீங்கள் சொல்வது 595 மி.மீ. தரையிலிருந்து 12 மி.மீ. இறங்கும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 96-தான் போவீர்கள். 195/60 ஆர்15 வாங்கினால் 615. அது பொருந்தும். வீல் 4×100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு ஸ்டட்), நடுத்துளை 54.1 மி.மீ.; துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல் ஓட்டாதீர்கள், 80-க்கு மேல் ஸ்டீயரிங் உதறும். நட்டு 12×1.25 மரை. கடையில் அலாயோடு தருவது பல நேரம் 1.5 மரை; இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், ஸ்பானரால் அழுத்தினால் ஸ்டட் மரை போய்விடும். கையாலேயே முழுக்க ஏறுகிறதா என்று பாருங்கள். இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர்.

ஸ்பிரிங் வெட்டுவதற்கு மட்டும் தலையாட்ட மாட்டோம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் இருபது சதவீதம் விறைக்கும், ஷாக் அப்சார்பர் பழையதே. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும். வண்டியின் தரை இடைவெளியே 170 மி.மீ.தான், நாலு பேர் ஏறி ஒரு வாய்க்கால் பாலத்தின் கூனலைத் தாண்டினால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் இடிக்கும். புது ஷாக், புது லோயர் ஆர்ம் புஷ், புது லிங்க் ராட். இந்த மூன்றிலேயே வண்டி வேறு வண்டியாகும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: ரோட்டில் அடிக்கப் போட்டிருந்த உளுந்துச் செடி மேல் ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கருகல் வாசனை. முன் சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தம் வேறு.

தை, மாசியில் வைக்கோல், பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடி. நம் பகுதியில் வண்டி எரிவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. சைலன்சர் குழாயின் முன்பக்கம் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓட்டத்தில் 300 டிகிரியைத் தாண்டும். அதன் அடியில் தகரக் கவசம் ஒன்று உண்டு. சலசலக்கிறது என்று மெக்கானிக்குகள் அதைப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துருப்பிடித்த காதுகள் உடைந்திருந்தால் பெரிய வாஷரும் ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பும் போட்டுக் கட்டிவிடலாம், சத்தமும் நிற்கும்.

செடிக்கு மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. தாண்டி, வெறும் தார் ரோட்டில் நிறுத்தி, குனிந்து பாருங்கள். புகைந்தால் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

சத்தத்துக்கு வருவோம். ஆக்சிலில் செடி கயிறாகச் சுற்றிக்கொண்டால் ரப்பர் பூட் கிழியும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் கோடாகத் தெறித்திருந்தால் அதுதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். அப்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது, பூட் மாற்றிப் பயனில்லை. சத்தம் போய்விட்டால் சுற்றிய செடிதான் அடித்திருக்கிறது. ஆறிய பிறகு சிறு அரிவாளால் அறுத்து எடுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் சீல் ஓரத்தில் நார் புகுந்திருக்கும். அதையும் விடாமல் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கியர் ஆயில் சொட்டும்.

நாகப்பட்டினம் வாசகர்: ரன்னிங் போர்டு துருவில் ஓட்டை. ஐப்பசியில் லீவு, அப்போது பெயிண்ட் அடித்துவிடலாமா?

வெல்டிங்கை ஐப்பசியில் செய்யுங்கள், பெயிண்டைத் தை, மாசிக்குத் தள்ளுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பெயிண்ட் வெளுத்துப் போகும், அடியில் கொப்புளம் வரும். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். மாசி மாதம் முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை மூன்றரை வரை நல்ல நேரம்.

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள். வெறும் தகட்டின் மேல் பட்டி வைத்தால் அது ஸ்பாஞ்சுபோல் ஈரம் குடிக்கும்; முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல்தான் பட்டி. ரன்னிங் போர்டின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அண்டர்கோட்டிங்கால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஸ்பிரே குழாய் விட்டு மெழுகு அடியுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரையும் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கனெக்டரையும் கழற்ற மறக்க வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகர்: மாருதி எஸ்எக்ஸ்4 காரின் 1.6 இன்ஜினை ஸ்விஃப்ட்டில் வைக்கலாமா? சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் கிடைக்கிறது என்கிறார்கள்.

உட்காரும். வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் அதே எம்16ஏ குடும்ப இன்ஜின், 1586 சிசி, 125 குதிரைத்திறனோடு வந்தது. ஆனால் இன்ஜினை மட்டும் தூக்கி வந்தால் கொட்டகையில்தான் கிடக்கும். கியர்பாக்ஸ், மவுண்ட், முழு ஒயரிங், ஈசியு, அதோடு சாவி இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத அமைப்பு) ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும்.

ஆர்சி இன்னொரு சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் எண்ணும் சிசியும் மாறுவதால் பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உங்கள் வண்டி 15 ஆண்டு தாண்டியது என்பதால் படிவம் 25 கொடுத்து ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். அனுமதி இல்லாத இன்ஜின் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்து நாளில் க்ளெய்மும் கேள்விக்குறி.

திருவையாறு வாசகர்: அறுவடை முடிந்ததும் வயல் எலி பானெட்டுக்குள் குடியேறி இன்ஜெக்டர் ஒயரைக் கடித்துவிடுகிறது. நாப்தலின் உருண்டை பலிக்கவில்லை.

பலிக்காது. இரவில் பானெட்டைத் திறந்து வைத்து மேலே ஒரு பல்பு தொங்கவிடுங்கள், மறைவிடம் இல்லாவிட்டால் கூடு கட்டாது. ஏர் ஃபில்டர் வாய்க்குக் கால் அங்குலக் கம்பி வலை. கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பெட்ரோல் ஹோஸையும் தடவிப் பாருங்கள், பல் பட்டிருந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள். விஷம் மட்டும் வைக்க வேண்டாம். ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.