கொடுவாக் குளம் கரும்பச்சையாகிவிட்டது, எந்த மருந்து ஊற்றலாம்?

கேள்வி: நாயாற்றுக் களப்போரம் அரை ஏக்கரில் நாலடி ஆழத்துக்குக் குளம் வெட்டி 2,000 கொடுவாக் குஞ்சு விட்டேன். இப்போது ஒன்று 300 கிராம் வரும். நாளுக்கு 25 கிலோ மூட்டைத் தீன் ஒன்று போகிறது. சாளை மலிவான நாளில் அதையும் வெட்டிப் போடுவேன். இரண்டு கிழமையாகத் தண்ணீர் கரும்பச்சை. விடிய ஐந்து மணிக்குப் போனால் மீன்கள் குழாயடிக்கு வந்து வாயைப் பிளக்கின்றன. நேற்று 14 செத்து மிதந்தன. துருசு போட்டுப் பாசியைக் கொன்றுவிட்டுப் பிறகு இரண்டு போத்தல் நுண்ணுயிர் மருந்தும் ஒரு மூட்டை சியோலைட்டும் போடச் சொல்கிறார் தீன் கடைக்காரர். தண்ணீரைக் களப்பிலிருந்து ஒரு வாய்க்காலால் இறைக்கிறேன், பழைய தண்ணீரும் அதே வாய்க்காலால்தான் வெளியே போகிறது. எந்த மருந்து நல்லது? மாரிக்கு முன் இன்னும் 1,000 குஞ்சு விடலாமா?
— முல்லைத்தீவு வாசகர்

பதில்: துருசை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பச்சை முழுக்க மிதவைப் பாசி. பகலில் மீனுக்கு ஒட்சிசன் தருவதும் அதுதான், இரவில் மீனோடு போட்டி போட்டு அதை இழுப்பதும் அதுதான். அதனால்தான் சாவு விடியற்காலையில் வருகிறது. துருசு போட்டால் பாசி முழுவதும் ஒரே நாளில் செத்து அடியில் அழுகும். அழுகலுக்கும் ஒட்சிசன் வேண்டும். நேற்று 14 செத்த குளத்தில் நாளை மறுநாள் 1,400 சாகலாம்.

இன்றிரவு செய்ய வேண்டியது வேறு. தீனை இரண்டு நாளைக்கு அடியோடு நிறுத்துங்கள். 300 கிராம் கொடுவா இரண்டு நாள் பட்டினியால் சாகாது. உங்கள் குளத்தில் 600 கிலோ மீன் நிற்கிறது. தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஒரு குதிரைவலுத் துடுப்புச் சில்லு 400, 500 கிலோவுக்குத்தான் காணும், ஆகவே இரண்டு வேண்டும். இரவு பத்து மணிக்குப் போட்டால் வெயில் ஏறும்வரை நிறுத்தக் கூடாது. சில்லு கிடைக்கும்வரை வாட்டர் பம்பை வைத்துக் குளத்துத் தண்ணீரையே இழுத்து, துளை போட்ட பிவிசி குழாயால் மழைபோலக் குளத்திலேயே விழ விடுங்கள். காற்று ஒதுக்கும் மூலையில் பச்சை ஏடு படிந்திருக்கும். அதை வாளியால் அள்ளிக் கரையில் கொட்டுங்கள், களப்பில் கொட்ட வேண்டாம். தண்ணீர் மாற்றுவதானால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

மருந்துக் கதை இவ்வளவுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தீனைப் பற்றி.

கொடுவாத் தீனில் புரதம் 40 வீதத்துக்கு மேல். 25 கிலோ மூட்டையில் தழைச்சத்து 1.6 கிலோவுக்குக் குறையாது. மீன் தன் உடம்பில் வைத்துக்கொள்வது அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒன்று. மிச்சம் செவுளாலும் கழிவாலும் தின்னாத தீனாலும் தண்ணீருக்குள் போகிறது. யூரியாக் கணக்கில் அது நாளுக்கு இரண்டரைக் கிலோ. இருபது நாளில் ஒரு அந்தர், ஐம்பது கிலோ! அரை ஏக்கர் நெல்லுக்கு இருபது நாளில் ஒரு அந்தர் யூரியா எறிந்தால் ஊர் சிரிக்கும். 2021இல் யூரியா இல்லாமல் வயல் மஞ்சளித்துக் கிடந்த மண்ணில், அதைக் காசு கொடுத்து வாங்கிப் பாசிக்குப் போடுகிறீர்கள்.

சாளை இன்னும் மோசம். ஒரு கிலோ கொடுவா வளர 5 முதல் 8 கிலோ சாளை வேண்டும். வெட்டிய துண்டின் இரத்தமும் எண்ணெயும் மீன் வாய்க்குப் போகுமுன்பே கரைந்துவிடும். இந்த மாதத்துக்குச் சாளையை மறந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் தீனைத் தொடங்கும்போது உடல் எடையில் ஒரு வீதம், அதாவது 6 கிலோ போதும். தண்ணீர் தெளிந்த பிறகும் இரண்டரை வீதமான 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். விடியப் போடாதீர்கள். எட்டரைக்குப் பின் ஒரு தரம், பின்னேரம் நாலரைக்கு ஒரு தரம். மீன் மேலே வந்து அடிக்கிற அடி தளர்ந்ததும் கையை நிறுத்திவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வீச்சுவலையால் முப்பது மீன் பிடித்து நிறுத்து, அந்த எடைக்குத்தான் தீன்.

தீன் விற்பவரிடமே தீனால் வந்த அழுக்குக்கு மருந்து கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? சியோலைட் நன்னீரில் மீன் கழிவால் வரும் அமோனியாவைப் பிடிக்கும். உவர்நீரில் உப்பிலிருக்கும் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அது வெறும் கல்லுமா. போத்தலில் என்ன கிருமி, ஒரு மில்லிலீற்றரில் எத்தனை, எப்போது அடைத்தது என்று அச்சடித்திருக்கிறதா? இல்லையென்றால் வெல்லத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் கடைத் தட்டில் ஆறு மாதம் நின்ற போத்தலும் அதேதான்.

அந்தக் காசில் பாசியின் அடர்த்தியைப் பார்க்கச் செய்யக்கூடிய ஒரு கருவி உண்டு. பெயின்ற் வாளி மூடியை ஒரு சாண் அகலத்துக்கு, 20 சென்ரிமீற்றர் வட்டமாக, வெட்டி நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டுக்குக் கறுப்பும் மற்ற இரண்டுக்கு வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளை, கீழே ஒரு கல், மேலே ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு. பகல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, இந்தத் தட்டை மெல்ல இறக்குங்கள். மறையும் ஆழத்தையும் தூக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் பார்த்து நடு அளவை எழுதுங்கள். 30 முதல் 40 சென்ரிமீற்றர் என்றால் குளம் சுகம். 25க்குக் கீழே தீனைப் பாதியாக்குங்கள், 20க்குக் கீழே தீனே இல்லை. ஒரே இரவில் 20 இலிருந்து 60க்குத் தாவி, கரையில் உடையாத நுரை நின்றால் பாசி செத்துவிட்டது. அன்றுதான் மிகப் பெரிய ஆபத்து. பார்வைக்குத் தண்ணீர் அழகாகத் தெரிவதால் பலர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

கூடவே பின்னேரம் மூன்று மணிக்கு பிஎச் பாருங்கள். பாசி மிஞ்சிய குளத்தில் அது 9ஐத் தொடும். 8இல் நின்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் நச்சு, 9இல் நாற்பதை நெருங்கும். ஆகவே பிஎச்சை ஏற்றும் நீற்றுச்சுண்ணாம்பு இப்போது கூடவே கூடாது.

வாய்க்காலுக்கு வருவோம். கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் களப்புத் தண்ணீர் கடலுக்குப் போகாது, கடலும் உள்ளே வராது. நீங்கள் விட்ட தண்ணீர் அங்கேயே நின்று, நாளைக்கு உங்கள் பம்பாலேயே திரும்பி வருகிறது. சிலாபம், புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகளில் நடந்ததும் இதுதான். ஒல்லாந்தர் கால்வாயில் ஒரு பண்ணை கழித்ததை அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணை பண்ணையாக ஓடிப் பரவ அந்தப் பொதுத் தண்ணீர் வழியானது. களப்பில் தழைச்சத்துக் கூடினால் இறால் குஞ்சுக்கு உணவான தவிட்டு நிறப் பாசி குறைந்து நீலப்பச்சைப் பாசி ஏறும், சாதாளை என்ற கடற்புல்லில் வழுவழுப்பான பாசி போர்த்திக்கொள்ளும். அங்கே வீச்சுவலையோடு நிற்பவர்களும் உங்கள் ஊரார்தான்.

நிலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழிவுத் தொட்டிக்கு ஒதுக்குங்கள். குளத்தின் அடித்தண்ணீர் அதில் இரண்டு மூன்று நாள் நின்று மண்டி படியட்டும். அதற்குள் கொஞ்சம் பால்மீன் விடலாம், கரையில் கண்டல் நடலாம். அடியில் சேரும் கறுப்புச் சேறு உப்பு, வயலுக்கு ஆகாது. இறைக்கும் வாயை வேறு பக்கம் கொண்டுபோங்கள். பம்பைப் போடுமுன் அதே தட்டைக் களப்பிலும் இறக்குங்கள். அங்கே 30க்குக் குறைந்தால் அன்று இறைக்காதீர்கள்.

வாடை மழை தொடங்கினால் இன்னொரு தொல்லை. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு மேல் படுக்கும், அடிக்குக் காற்றுப் போகாது. மழை பெய்யப் பெய்யப் பகலிலும் சில்லு ஓடட்டும், மேல் தண்ணீரை மதகுப் பலகை கழற்றி வடியுங்கள். மழை விட்டதும் டொலமைட் 20 முதல் 40 கிலோ தூவினால் பிஎச் விழாது.

1,000 குஞ்சு விஷயம். கொடுவா தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட மீனையே விழுங்கும். அந்தக் குளத்தில் குஞ்சு விட்டால் அது நாட்டிலேயே விலை கூடிய தீனாக இருக்கும். வேறு குளம் இருந்தால், வெள்ளம் வடிந்து தை, மாசியில், தட்டு ஒரு மாதம் தொடர்ந்து 30க்கு மேல் நின்ற பிறகு விடுங்கள்.