கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி மாணவர் ஐ.நா. காலநிலை மாநாட்டில் கலந்துகொள்ள முடியுமா? போனால் ஏதாவது பயன் உண்டா?

கலந்துகொள்ளலாம். ஆனால் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. பார்வையாளராக ஐ.நா. ஏற்றுக்கொண்ட ஒரு பல்கலைக்கழகமோ அமைப்போ தன் ஒதுக்கீட்டில் உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். நான் ஒரு அமைப்புக்கு மூன்று தடவை மெயில் போட்டேன், பதிலே இல்லை. உள்ளே போனவர்களையும் முக்கியமான சில கூட்டங்களுக்கு விடமாட்டார்கள். பொது அமர்வுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம்.

நான் கலந்துகொண்டது நாகர்கோவிலில் எங்கள் துறை நடத்திய மாதிரிப் பேச்சுவார்த்தையில்தான். எனக்கு விழுந்த நாடு வனுவாட்டு. கடல்மட்ட உயர்வால் வரும் சேதத்துக்கு ஒரு காப்பீட்டு நிதி வேண்டும் என்று 1991லேயே கேட்ட தீவு நாடு. சரி, இரண்டு நிமிடம் உருக்கமாகப் பேசினால் போதும் என்று போனேன். கையில் தந்த வரைவில் வரிக்கு வரி சதுர அடைப்புக்குறி. உடன்பாடு வராத சொற்களை அதற்குள் போட்டு வைப்பது அங்கே வழக்கம். ஒரு சொல்லை வெளியே எடுக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு டீயும் ஆயின. 2015இல் பாரிஸ் மாநாட்டில், வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதைக் கட்டாயமாக்கிய 'ஷல்' (shall) என்ற ஆங்கிலச் சொல் கடைசி நேரத்தில், கட்டாயம் குறைந்த 'ஷுட்' (should) ஆனது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வனுவாட்டு கேட்டதற்குப் பக்கத்தில் வருகிற, காலநிலை மாற்றத்தால் சேதமடையும் வளரும் நாடுகளுக்கு உதவும் 'இழப்பு, சேத நிதி'யைச் செயல்படுத்தும் முடிவு, துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே வந்தது: 2023 நவம்பர் 30. எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு வேறு அர்த்தம். 2017இல் ஒக்கி புயல் அடித்தது அன்றுதான். எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை.

தூத்தூர் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"அந்தப் பைசா நம்ம கரைக்கு வருமா மக்களே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "வள்ளம் உடைஞ்சா கணக்கு எழுதலாம். காத்துக்குப் பயந்து கடலுக்குப் போகாத நாளை எதில எழுதுவாங்க?"

என்னைக் கேட்டால், நுழைவு அட்டைக்கு அலைவதைவிட இந்தக் கணக்கை எழுதுவது நல்லது. மேசையில் எண்ணோடு பேசுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. கடலுக்குப் போகாத நாட்களை மாமி சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார், ஏழு வருடக் காலண்டர் கிடைத்தது. ரேஷன் வாங்கிய நாளுக்கும் அதே வட்டம்தான். இப்போது அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.