கேமரா யார் கையில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி பிறந்தவுடன் ஆவணிக் கல்யாணப் புகைப்படம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல போட்டோகிராபர் ஒருவரின் எண்ணை அனுப்பவும். (நாகர்கோவில்)

எந்தத் தேதி, எந்த மண்டபம், என்ன நிகழ்ச்சி, எவ்வளவு செலவழிக்க முடியும் என்பவற்றில் ஒன்றைக்கூடத் தாங்கள் எழுதவில்லை. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பவருக்கு வைத்தியர் என்ன பதில் சொல்வாரோ, அதுவே என் பதிலும்.

மகளுக்கு ஆவணியில் திருமணம். ஒரு ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் படங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டன. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? (மார்த்தாண்டம்)

கொடுக்க வேண்டாம். தாங்கள் பார்த்தவை பல்லாயிரம் படங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சில. நல்ல வெளிச்சத்தில், அவகாசத்துடன், மணப்பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்கும் படம் பெரும்பாலோருக்கும் வாய்க்கும். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில், உறவினர்களின் கைகளும் அட்சதையும் எல்இடி திரையின் நீல வெளிச்சமும் குறுக்கே வரும்போது, முகம் எப்படி விழுந்திருக்கிறது என்பதே கேள்வி. ஆகவே ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தையும், முதல் பக்கத்திலிருந்து பந்தி வரை, கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, அன்று வரப்போகிறவர் யார் என்பது. ஆவணி நம் குமரி மாவட்டத்துக்கு முகூர்த்த மாதம். களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், அதுவே சிங்ஙம் மாதம், அங்கும் கல்யாணக் காலம். நம் ஊர்க் கேமராக்காரர்களில் பலர் நல்ல நாட்களில் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுகிறார்கள். அதே நாளில் மூன்று ஆர்டர் பிடித்த ஸ்டூடியோக்காரர், ஒன்றுக்குத் தாம் போய், மற்ற இரண்டுக்கும் நாள் கூலிக்கு ஆள் அனுப்புவார். தாங்கள் பார்த்து மயங்கிய படத்தை எடுத்தவர் வேறு, தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறவர் வேறு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ஏனெனில் இளவயதில் அப்படிக் கூலிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். விடியற்காலையில் ஒரு வீட்டில் இறங்கியபோது மணமகளின் பெயர்கூட எனக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. பெண்ணின் தாய்மாமன் யார் என்று தெரியாமல், அவர் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லாத ஆல்பத்துக்குக் காரணமானேன். ஏச்சு வாங்கியது நான். அனுப்பிய ஸ்டூடியோக்காரர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

எனவே முதன்மைப் புகைப்படக்காரரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அவரே எடுத்த முழு ஆல்பத்தைப் பாருங்கள். அவர் வர இயலாமற்போனால் வரப்போகிறவர் யார், எவ்வளவு தொகை திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதியும் கேமராவா என்றும் கேளுங்கள். கார்டு பழுதாகும், திருமணம் மறுபடி நடவாது.

பத்மநாபபுரம் அரண்மனையில் அவுட்டோர் ஷூட் வைக்கலாமா? (தக்கலை)

அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. நுழைவுச்சீட்டோடு கேமராவுக்குப் பணம் கட்டிவிட்டால், பட்டுப்புடவையும் ரிஃப்ளெக்டருமாக உள்ளே போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் புகைப்படக்காரரிடம் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு புடவை எடுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பலர் மாற்றாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 115 அடி உயரத்தில் ஒடுங்கிய நடைபாதை அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கே பாவாடை விரித்துப் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கோவிலில் திருப்பலியின்போது பிளாஷ் அடிக்கலாமா? (குளச்சல்)

பங்குத்தந்தையிடம் முதலில் கேளுங்கள், என்னிடம் அல்ல. பிளாஷ் இல்லாமல் எடுக்கத் தெரிந்தவரையே அமர்த்துங்கள்.

மகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு அண்ணன் மகனின் விலையுயர்ந்த கேமரா போதாதா? (முட்டம்)

கேமரா போதும். அண்ணன் மகன் போதுமா என்பதை அவர் முன்பு எடுத்த ஏதாவது ஒரு விசேஷத்தின் எல்லாப் படங்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் திருமணப் படங்களைக் கேட்காமலேயே ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறது. உரிமை அவர்களுடையது என்கிறார்கள். (குழித்துறை)

பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்கிணங்க எடுத்த புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. "மாறான உடன்பாடு" என்ற சொற்களைக் கவனியுங்கள்: ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்திட்டீர்களா? பலர் இடுகிறார்கள். ரா கோப்புகள், அதாவது கேமராவில் பதிந்தபடியே உள்ள மூலக் கோப்புகள், வேண்டுமென்றாலும் முன்னதாகவே எழுதி வாங்குங்கள். பின்னர் கேட்டால் தனி விலை சொல்வார்கள்.

கடற்கரையில் ட்ரோன் பறக்கவிடுவதாகச் சொல்கிறார்கள். (மணவாளக்குறிச்சி)

250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் பறக்கவிடுபவரிடம் விமானி சான்றிதழும், ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்; அந்த இடம் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்றும் பார்த்திருக்க வேண்டும். மூன்றையும் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத காலமானால் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் ட்ரோன் கடலுக்குள் போகலாம். அதன் விலை யார் தலையில் விழும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆறு மாதமாகிறது, ஆல்பம் வரவில்லை. முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். (அருமனை)

ஏன் கொடுத்தீர்கள்? கடைசிக் கால் பங்கு ஆல்பம் கைக்கு வரும் வரை தங்களிடமே இருக்க வேண்டும் என்று சென்ற முறையும் எழுதினேன். இப்போது செய்யக்கூடியது, எடிட் செய்யாத படங்களையாவது ஒரு ஹார்ட் டிஸ்கில் உடனே வாங்கிக்கொள்வது. பிறகு தேதி குறித்து ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரசீது இருக்கிறதல்லவா?